இரக்கம் அறிந்து செய்யப்படவேண்டும்



சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நம் சபையின் வீடுகள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகிறது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தியாகராய நகர் என்று வீடு சந்திப்புக்குச் செல்லும்போது, ஜெபம் முடிந்து காப்பி வருகிற இடைவெளியில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஐயா, வெயில் தாங்க முடியவில்லை. எங்கள் நாய்க்கு முடியை மொத்தமாக எடுத்துவிடலாமா?" போதகரிடம் இதையெல்லாம் கேட்பதா என்று அருகில் இருப்பவர் சிரிப்பார். கேட்கத் தகுந்த கேள்விதான் அது. தன் வீட்டில் வாழும் வாயில்லா உயிர் ஒன்று துன்பப்படுகிறதே என்ற இரக்கத்திலிருந்து பிறக்கும் கேள்வி. இந்த வாரம் அதற்கே சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்லன். பல ஆண்டுகளாக நாய்களோடு வாழ்ந்து, அவற்றை மருத்துவர்களிடம் கொண்டுபோய், அவர்கள் சொன்னதைக் கேட்டு, வீட்டில் செய்துபார்த்துத் தெரிந்துகொண்டவன். ஆகவே நோய்க்கு மருந்து எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. சீப்பும் தண்ணீரும் பொறுமையும் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்லுகிறேன்.

நீதிமொழிகள் 12-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனத்தை நீங்கள் அறிவீர்கள். நீதிமான் தன் வீட்டு மிருகத்தின் உயிரைப் பேணுகிறவன் என்பது அதன் கருத்து. இறையியல் கல்லூரியில் எபிரெய மொழி படித்த நாட்களில் இந்த வசனத்தின் வினைச்சொல் என்னை நிறுத்தியது. மூலத்தில் அங்கே இருப்பது 'அறிதல்' என்ற பொருள் தரும் சொல். தன் மிருகத்தின் உயிரை அவன் அறிந்திருக்கிறான். பேணுவதற்கு முன்னால் அறிதல் வருகிறது. வசனத்தின் பின்பாதி இன்னும் கூர்மையானது. துன்மார்க்கருடைய இரக்கங்கூடக் கொடுமையாய் முடியும் என்கிறது அது. நம் வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் துன்மார்க்கர் அல்லர். ஆனாலும் இரக்கம் என்ற பெயரில் கொடுமை நடக்கக்கூடும் என்ற எச்சரிக்கை நல்லவர்களுக்கும் தேவைப்படுகிறது. அறியாமல் செய்யும் இரக்கம் எத்தனை நல்ல மனதிலிருந்து வந்தாலும், அதைத் தாங்குகிற உடலுக்கு அது துன்பமாகவே இருக்கும்.

வெயிலில் நாயை மழிப்பது அப்படிப்பட்ட இரக்கங்களில் ஒன்று. ஏன் என்று பார்ப்போம்.

நமக்கு வியர்க்கிறது, வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. ஆகவே சட்டையைக் கழற்றினால் நமக்குச் சுகம். நாய்க்கு அப்படி அன்று. வெப்பத்தைத் தணிக்க உதவும் வியர்வை அதற்குப் பெரும்பாலும் பாதங்களின் அடியில் மட்டுமே சுரக்கிறது. அது தன்னைக் குளிர்விக்கும் முக்கிய வழி நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது. வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போதுதான் அதன் உடல் வெப்பம் வெளியேறுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 41 டிகிரிக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. நம் சென்னையின் சிக்கல் வெயில் மட்டும் அன்று. கடற்காற்றின் ஈரம் காற்றில் நிறைந்திருக்கும்போது நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. நாய் எவ்வளவு இளைத்தாலும் போதிய அளவு குளிர்ச்சி கிடைப்பதில்லை. 2003-ஆம் ஆண்டு மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாட்களில் நாய்க்கு வேண்டியது நிழல், குளிர்ந்த தரை, மின்விசிறி, எப்போதும் நிரம்பியிருக்கும் தண்ணீர்க் கிண்ணம், நண்பகலில் வெளியே கொண்டுபோகாத எசமான். முடியை மழிப்பதால் இவற்றில் எதுவும் கிடைத்துவிடாது.

அப்படியானால் முடியை எப்போதும் வெட்டவே கூடாதா? இங்கேதான் அறிதல் வருகிறது. எல்லா நாய்க்கும் ஒரே விடை கிடையாது. உங்கள் நாயின் ரோமம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. அதைக் கண்டுகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் நாயின் முடி ஓர் அளவு வரை வளர்ந்து நின்று, பிறகு உதிர்ந்து, புதிதாக முளைக்கிறதா? அல்லது நம் தலைமுடியைப்போல வெட்டும்வரை வளர்ந்துகொண்டே இருக்கிறதா? உதிரும் முடியைச் சீவவேண்டும். வளரும் முடியைச் சீவவும் வேண்டும், வெட்டவும் வேண்டும். இந்த ஒரு வேறுபாடு மனதில் நின்றால் பாதி வேலை முடிந்தது.

நம் மண்ணுக்குரிய நாய்களிலிருந்து தொடங்குகிறேன். என் சிறுவயதில் தெற்கே தாத்தா வீட்டில் சிப்பிப்பாறை நாய் ஒன்று இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் தாத்தா கிணற்றடியில் ஒரு பலகையைப் போட்டு அமர்ந்து, அதை மடிக்கு அருகில் இழுத்து, முரட்டுத் துணியால் கழுத்திலிருந்து வால் வரை அழுத்தித் துடைப்பார். பிறகு காதுமடல், கழுத்துப்பட்டைக்கு அடி, கால்விரல் இடுக்கு என்று விரலால் தடவி உண்ணி தேடுவார். பிடித்ததை அருகில் வைத்திருக்கும் சிரட்டைத் தண்ணீரில் போடுவார். அந்த நாய்க்குச் சீப்பு என்ற ஒன்றே தேவைப்படவில்லை. ஆனால் தாத்தாவின் கை ஒவ்வொரு வாரமும் அதன் உடல் முழுவதும் பயணம் செய்தது. எங்கே புதுக் கட்டி, எங்கே கீறல், எங்கே சூடு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சிப்பிப்பாறை, கன்னி, விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், தேனி மாவட்டத்துக் கோம்பை, நம் தெருக்களில் வாழும் நாட்டு நாய்கள் யாவும் குட்டையான, உடலோடு ஒட்டிய ரோமம் உடையவை. வெப்ப நாட்டுக்கு ஏற்ற உடை அது. 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. இந்த நாய்களுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டும், ஆனால் வேறு வகைப் பராமரிப்பு. வாரத்துக்கு ஒருமுறை ரப்பர் பற்கள் உள்ள கையுறையாலோ, தாத்தாவின் முரட்டுத் துணியாலோ தேய்த்துவிட்டால் உதிர்ந்த முடி வந்துவிடும். தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெய் உடல் முழுவதும் பரவி ரோமம் பளபளக்கும். மாதம் ஒரு குளியல் போதும். ராஜபாளையம்போல வெண்ரோமமும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ள நாய்களை உச்சி வெயிலில் விடாதிருங்கள். மூக்கிலும் காதிலும் வயிற்றிலும் அவற்றின் தோல் எளிதில் காந்திவிடும். பக் இனத்து நாயும் குட்டை முடியுள்ளதுதான். ஆனால் அதன் முகத்து மடிப்புகளில் ஈரமும் அழுக்கும் தங்கிப் புண்ணாகும். அவற்றைத் தினமும் மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியாலும் ஒற்றவேண்டும்.

அடுத்தது இரட்டை ரோமம் உடையவை. நாம் வழக்கமாகப் பொமரேனியன் என்று அழைக்கும் வெள்ளை ஸ்பிட்ஸ், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், அண்மைக் காலத்தில் நம் அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்திருக்கும் ஹஸ்கி ஆகியவை இந்த வகை. மேலே நீண்ட, சற்றே முரட்டு ரோமம். அடியில் பஞ்சுபோன்ற மெல்லிய ரோமம். இரண்டுக்கும் இடையில் தங்கும் காற்று குளிரையும் வெப்பத்தையும் ஓரளவு தடுத்து நிறுத்துகிறது. மேல்ரோமம் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. இந்த நாயை ஒட்ட மழித்தால் அந்தக் காவல் போய்விடும். தோல் வெயிலில் காந்தும். அதைவிடப் பெரிய துன்பம், மழித்த முடி பழையபடி வளராமல் போகக்கூடும். அடிரோமம் முந்திக்கொண்டு திட்டுத்திட்டாய் வளரும். மேல்ரோமம் வர மாதங்கள் ஆகலாம். சில நாய்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். வெயிலுக்கு மழித்த நாய் மழைக்காலத்திலும் அரைகுறை உடையோடு நிற்கும்.

இவற்றுக்கு வேண்டியது சீப்பு. உண்மையில் நாயை வெப்பத்தில் தவிக்கவைப்பது உயிருள்ள ரோமத்தைக் காட்டிலும் உதிர்ந்தும் வெளியேறாமல் உள்ளே அடைந்துகிடக்கும் அடிரோமமே. காற்று புகாத கம்பளிபோல அது தோலை மூடிவிடுகிறது. அகலப் பற்கள் உள்ள இரும்புச் சீப்பைக் கொண்டு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சீவுங்கள். முடி அதிகம் கொட்டும் வாரங்களில் தினமும் சீவுங்கள். மேலாக வாரிவிட்டால் போதாது. ஒரு கையால் ரோமத்தை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, தோல் தெரியும் அளவுக்குப் பகுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிச் சீவவேண்டும். முடிவில் ஒரு சிறு தலையணை நிரம்பும் அளவுக்கு முடி வந்திருக்கும். நாய் எழுந்து உடலை ஒருமுறை உதறும்போது உங்களுக்கே தெரியும், அதற்கு என்ன கிடைத்தது என்று.

மூன்றாவது, வளர்ந்துகொண்டே இருக்கும் முடி உடையவை. ஷிட்சு, லாசா ஆப்சோ, மால்டீஸ் ஆகியவற்றின் பட்டு முடியும், பூடில் நாயின் சுருள் முடியும் இந்த வகை. வீட்டில் முடி கொட்டுவதில்லை என்று இவற்றை விரும்பி வாங்குகிறோம். கொட்டாத முடி எங்கே போகிறது? உதிர்ந்த முடியும் பக்கத்து முடியிலேயே சிக்கிக்கொள்கிறது. இரண்டு நாள் சீவாவிட்டால் சிக்கு. இரண்டு வாரம் விட்டால் சடை. ஆகவே இவற்றுக்குத் தினமும் பத்து நிமிடம் ஒதுக்கவேண்டும். மெல்லிய வளைந்த கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷால் மென்மையாக வாரி, பிறகு இரும்புச் சீப்பு தடையின்றி ஓடுகிறதா என்று சோதியுங்கள். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை முடியைக் குறைக்கலாம். வெயில்காலத்தில் இவற்றுக்கு ஓரங்குல அளவில் குட்டையாக வெட்டிவிடுவது நன்மையே. கண்ணில் குத்தும் முடியையும், பாதங்களின் அடியில் வளர்ந்து வழுக்கும் முடியையும், மலவாயைச் சுற்றியுள்ள முடியையும் நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் அடிக்கடி கத்தரிக்கவேண்டும். ஆக, பொமரேனியன் வீட்டுக்கு 'வேண்டாம்' என்று சொன்ன நான் ஷிட்சு வீட்டுக்கு 'வெட்டுங்கள்' என்று சொல்லும்போது, என் வார்த்தை மாறவில்லை, நாய் மாறியிருக்கிறது.

மந்தைவெளியில் தனியே வாழும் முதிய தாய் ஒருவரைப் பற்றி, அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுச்சென்ற வெள்ளை ஸ்பிட்ஸ் ஒன்று அவரோடு இருக்கிறது. பத்து வயதைக் கடந்த நாய். சென்ற ஆண்டு கோடையில் நான் போனபோது அது வாசலுக்கு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தது, தொட்டால் உறுமியது. "வயதாகிவிட்டது ஐயா, குணம் மாறிவிட்டது. வருகிறவர்களைக் கடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்காவது கொடுத்துவிடச் சொல்லுகிறார்கள். இல்லாவிட்டால் முடியை மொத்தமாக மழித்துவிட்டால் வெயிலுக்காவது சுகமாக இருக்குமாம்" என்றார். சொல்லும்போது அவர் கண்கள் கலங்கின. அந்த வீட்டில் அவரிடம் பதில் பேசும் குரல் அந்த நாயுடையது ஒன்றுதான்.

பிஸ்கட் காட்டி அதை வெளியே அழைத்து, மெல்லத் தடவிப் பார்த்தேன். மேலே பார்க்க வெண்மையான, அழகான ரோமம். காதுகளுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் தொடைகளுக்கு நடுவிலும் கல்போல இறுகிய சடைகள். அது காலை எடுத்துவைக்கும் ஒவ்வொரு முறையும் சடை தோலை இழுத்தது. குணம் மாறவில்லை, வலித்தது. அந்தத் தாயின் அன்பில் குறைவில்லை. தினமும் நாயின் முதுகை அவர் தடவிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மூட்டுவலியால் அவர் விரல்கள் மடங்குவதில்லை. தரையில் குனிய முடிவதில்லை. கை எட்டிய இடத்தில் நாய் நலமாக இருந்தது. கை எட்டாத இடத்தில் சடை வளர்ந்தது.

கால்நடை மருத்துவர் ஒருவரை வீட்டுக்கே அழைத்தோம். முழுவதும் மழிக்கவேண்டியதில்லை என்றார் அவர். சடைகளை மட்டும் டிரிம்மரால் எடுத்தார். ஒன்றின் அடியில் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. அதற்கு மருந்து கொடுத்தார். அன்று முதல் நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த இருவர் சனிக்கிழமைதோறும் அங்கே போகிறார்கள். ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள மற்றவர் சீவுகிறார். அந்தத் தாய் நாற்காலியில் அமர்ந்து, பழைய ஆசிரியையின் குரலில், "காதுக்குப் பின்னால் விட்டுவிட்டீர்கள்" என்று திருத்துகிறார். நாய் இப்போது உறுமுவதில்லை. அதை எங்கும் கொடுக்கவேண்டிய தேவையும் வரவில்லை.

இதனால் சடையைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு சிக்கானால் சோளமாவைத் தூவி, விரல்களால் பிரித்து, நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிறிது சிறிதாகச் சீவுங்கள். வேரிலிருந்து இழுக்காதீர்கள். சடையை ஒருபோதும் கத்தரிக்கோலால் வெட்ட முயலாதீர்கள். சடைக்குள் தோலும் கூடாரம்போல இழுபட்டு உயர்ந்திருக்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டியவர்கள் அநேகர். இறுகிய சடையை மருத்துவரிடமோ, பயிற்சி பெற்றவரிடமோ விட்டுவிடுங்கள். உடல் முழுவதும் சடை பிடித்துவிட்ட நாய்க்கு மழிப்பதே இரக்கமாகும் நிலையும் உண்டு. அப்போது சீவிச் சீவி வலிக்கச் செய்வதுதான் கொடுமை. எது இரக்கம் என்பதை அந்தத் தோலைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

எல்லா வகை நாய்க்கும் பொதுவான சிலவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவதற்கு முன்பு சீவவேண்டும், பின்பு அன்று. நனைந்த சிக்கு இறுகிச் சடையாகிவிடும். நாம் பயன்படுத்தும் ஷாம்பு நாய்க்கு ஆகாது. நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் நடுநிலைக்கு அருகில் இருப்பது. நாய்களுக்கென்றே உள்ள ஷாம்புவை வாங்கி, நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். காதுக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோமம் நாள் முழுவதும் ஈரமாகவே இருந்தால் தோலில் பூஞ்சை படரும். புளித்த வாடை வந்தால் அதுதான் அறிகுறி. வெளியே போய்வந்ததும் துண்டால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் அடிரோமம் வரை உலர்த்துங்கள். பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துச் செல்பவர்கள் வீடு திரும்பியதும் பாதங்களை நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளை உலர்த்துங்கள். உப்பும் மணலும் அங்கே தங்கினால் நாய் நக்கிக்கொண்டே இருக்கும். நக்கிய இடம் புண்ணாகும். தரையில் நடக்கும்போது நகம் டக்டக்கென்று ஒலித்தால் அது வளர்ந்துவிட்டது என்று பொருள். வெள்ளை நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தம் ஓடும் பகுதி. அதற்கு வெகு முன்பாக வெட்டுங்கள். கறுப்பு நகமானால் நுனியை மட்டும் சிறிது சிறிதாகச் சீவி எடுங்கள்.

உண்ணியை அலட்சியம் செய்யாதிருங்கள். நம் நகரத்தின் பழுப்பு உண்ணி எர்லிக்கியா என்னும் நோய்க்கிருமியை நாயின் இரத்தத்தில் சேர்க்கிறது. காய்ச்சல், உணவில் வெறுப்பு, சோர்வு, சிலவேளை மூக்கில் இரத்தம் என்று அது வெளிப்படும். அப்படியானால் தாமதிக்காமல் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். உண்ணியைப் பிடுங்கும்போது தோலோடு ஒட்டிய இடத்தில் சிறு இடுக்கியால் பற்றி நேராக இழுக்கவேண்டும், நசுக்கக்கூடாது. மண்ணெண்ணெய், கற்பூர எண்ணெய் எதையும் நாயின் உடலில் பூசாதீர்கள். நாய் அதை நக்கும், அது நஞ்சாகும். உண்ணி மருந்தையும் நாயின் எடைக்கேற்ப மருத்துவரே சொல்லட்டும்.

இவ்வளவு விவரம் ஒரு நாய்க்கா என்று நினைப்பவர்களுக்கு நம் நகரத்தின் வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்லுகிறேன். அடையாற்றில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க அவர் அங்கே தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாகவே 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்காக நியாயமான எல்லாவற்றையும் செய்வது கடமை என்கிறது. அடிக்காமல் இருந்தால் மட்டும் போதும் என்று அது சொல்லவில்லை. 1964-இல் கேப்டன் வி. சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் இதே நகரத்தில் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். வேப்பேரியின் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இலிருந்து இயங்கிவருகிறது. அறிந்து பேணுவதற்கு வேண்டிய உதவி நம் நகரத்தில் நெடுங்காலமாகவே இருக்கிறது. நாம் கேட்கவேண்டும், அவ்வளவே.

அன்பானவர்களே, மனிதர்களிடத்திலும் நாம் இப்படித்தான் நடந்துகொள்கிறோம் அல்லவா? துக்கத்தில் இருப்பவரிடம் போய் நமக்கு ஆறுதலாக இருந்த வார்த்தையை அப்படியே சொல்லிவிட்டு வருகிறோம். முதியவருக்கு எது தேவை என்று கேளாமலே உதவி செய்துவிட்டு, நன்றி வரவில்லையே என்று வருந்துகிறோம். நமக்கு வியர்க்கிறது, ஆகவே நாயின் சட்டையைக் கழற்றுகிறோம். ஒருவரைப் பேண விரும்பினால் அவர் எதனால் ஆனவர், எங்கே வலிக்கிறது என்று முதலில் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் ஆகும், கைகளும் அழுக்காகும்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். வீட்டில் நாய் இருந்தால், ஒரு மாலை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அதன் அருகில் தரையில் அமருங்கள். காதுக்குப் பின்னால் தொடங்கி, முன்னங்கால் இடுக்கு, வயிறு, தொடை, வால் அடி என்று ரோமத்தைப் பகுத்துத் தோல் தெரியப் பாருங்கள். கத்தரிக்கோலைத் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் நாய் இல்லையென்றால், உங்கள் தெருவிலோ அடுக்குமாடியிலோ குனிய முடியாத முதியவர் ஒருவர் நாயோடு வாழ்கிறாரா என்று பாருங்கள். சீப்பு அவர் வீட்டிலேயே இருக்கும். அரைமணி நேரம்தான் நீங்கள் கொண்டுபோக வேண்டியது.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் வாழும் எல்லா உயிர்களோடும் இருப்பதாக.